அப்பாவை ஏற்றிவிட வேன் வேண்டுமா?

வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தெரு நம்ம காரைக்காலில் இருக்கா? ஆனால் விமானம் ஏற நாம் திருச்சிக்குத்தான் போகணும். தூரம் சுமார் 150 கி.மீ. போன தடவை அப்பாவை வழியனுப்ப வேன் பிடித்தோம். வாடகைக்குக் கடன் வாங்கினோம். "அடுத்த தடவை பஸ்லயே போயிடுறேன்" என்றார் அப்பா. அதற்காக விசாரித்து எழுதியது இது.

ரயில்: நாகூர் - காரைக்கால் அகலப் பாதை 2011 டிசம்பரில் திறந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை வழியாகத் திருச்சி போகலாம். கட்டணம் குறைவு. ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் சுமார் 5 கி.மீ.

பஸ்: பஞ்சப்பூர் புதிய பஸ் நிலையம் வரை போக வேண்டாம். கண்டக்டரிடம் சொல்லி டி.வி.எஸ். டோல்கேட்டில் இறங்குங்கள். அங்கிருந்து புதுக்கோட்டை ரோட்டில்தான் விமான நிலையம். 2024-ல் வந்த புதிய முனையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கு. பெட்டி கனமானால் ஆட்டோ நல்லது.

சென்னை: கம்பன் எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம்!

முக்கியம்: நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். திருச்சியில் இரவு 11 மணி விமானம் என்றால் 8 மணிக்கே அங்கே இருக்கணும். வழிக்கு 5 மணி நேரம், தாமதத்துக்கு 1 மணி நேரம். ஆக, மதியம் 2 மணிக்கே கிளம்பணும்.

வேன் காசு இந்தத் தடவை அப்பா கையிலேயே இருக்கட்டும்!

- 9-ஆம் வகுப்பு மாணவி