ஆட்டமும் ஓட்டும்

கொல்லிமலைப் பிள்ளைகள் பட்டம் படிக்கக் கீழே இறங்குவது இன்று செய்தியே இல்லை. செம்மேட்டில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டி சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் என்று போய்விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022-இலும் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின.

ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு வகுப்பில் மலைப் பிள்ளை ஒருவர் இருந்தாலே அதிகம். அவரும் ஊர் கேட்டால் "சேந்தமங்கலம் பக்கம்" என்று முடித்துக்கொள்வார். பழங்குடியினர் உதவித்தொகைக்குப் பெயர் வாசிக்கும் நாளில்தான் குட்டு உடையும். 1969-இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம் வந்தால் கீழ்நாட்டு மாணவர்கள் மலை கிராமங்களைத் தேடிப் போய்ச் சேவை செய்வார்கள். மலைக்காரர் அதைப் பெற்றுக்கொள்கிறவர், அவ்வளவுதான். ஓட்டுரிமை வயது 21 என்பதால் மாணவர் பலர் பட்டம் வாங்கும்வரை வாக்காளர் பட்டியலை எட்டிப் பார்த்ததே இல்லை. அது 18 ஆனது 1989 மார்ச்சில்.

மலையில் அப்போதும் சபை இருந்தது. நாடு என்ற பெயரில் 14 பிரிவுகள், ஊர்தோறும் தலைவராகக் கவுண்டர், வழக்கு வந்தால் கூடிப் பேசித் தீர்ப்பு. ஆனால் பதவி வழிவழியாக வந்தது, பெண்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்க எனக்கு மனமில்லை.

இன்று கல்லூரி நாட்காட்டியில் நாள்களுக்குப் பஞ்சமில்லை. ஜனவரியில் சமத்துவப் பொங்கல், 25-ஆம் தேதி தேசிய வாக்காளர் நாள். ஏப்ரல் 14 சமத்துவ நாள், ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடியினர் நாள், செப்டம்பர் 17 சமூக நீதி நாள். 2021 முதல் நவம்பர் 15-இல் பிர்சா முண்டா பிறந்தநாளும் பழங்குடியினர் பெருமை நாளாகச் சேர்ந்துகொண்டது. உறுதிமொழி, மலைமக்களின் சேர்வையாட்டம், சாமைச் சோறு, போட்டோ. "கொல்லிமலை" என்று மைக்கில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது. ஊரை மறைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஆட்டத்துக்குத் தேடிப் போய்க் கூப்பிடும் மலைப் பெண்ணை, விடுதிச் சாப்பாடு பற்றிய கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதே இல்லை. மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006-இலேயே நடத்தச் சொன்னது. துறைத் தலைவர் கைகாட்டியவரே பிரதிநிதி. அங்கேதான் வாக்காளர் நாளன்று "தவறாமல் வாக்களிப்போம்" என்று கை நீட்டிச் சொல்கிறோம்!

எனக்கு நம்பிக்கை தருவது மேடையைவிட, வராந்தாவில் வாக்காளராகச் சேரப் படிவம் 6 நிரப்பும் மேசை. இப்போது 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். முகவரிக் கட்டத்துக்கு வந்ததும்தான் மலைப் பெண்ணின் பேனா நிற்கும். விடுதி முகவரியா, வீட்டு முகவரியா? வெளியூரில் படிப்பவருக்கு இரண்டுக்கும் வழி உண்டு. விடுதி என்றால் சுலபம்: கல்லூரியில் ஒரு சான்று வாங்கினால் போதும், தேர்தலன்று மலையேற வேண்டாம். ஆனால் விடுதி நாமக்கல்லில் என்றால் அந்த ஓட்டு நாமக்கல் தொகுதிக்குப் போகும். கொல்லிமலை இருப்பது சேந்தமங்கலத்தில். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு, சேந்தமங்கலமும் ஏற்காடும். இந்தக் கணக்கை மேசையில் இருப்பவர் எடுத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கட்டம் நிரம்பினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். எந்த நாள் விழாவையும்விட அந்த இரண்டு நிமிடப் பேச்சு உருப்படியானது என்பது என் கட்சி.

வீட்டு முகவரி எழுதியவருக்கு ஊராட்சியிலும் ஓட்டு உண்டு. பாட்டி காலத்தில் வாய்க்காத இடம் அங்கே திறந்திருக்கிறது: தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கென்று 2016-இல் சட்டமானது. கிராம சபையில் எழுந்து ரோடு கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது அடுத்த தேர்தல் வரவில்லை; பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அந்த வருடம் கல்லூரி வராந்தாவில் படிவம் நிரப்பிப் புதிதாக வாக்காளர் அட்டை வாங்கிய பெண், தன் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.