உடைந்த கண்ணாடியும் உறுதியான பாலமும்

மதில் சுவர்களின் உச்சியில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருடன் ஏறிக் குதிக்காமல் இருக்கக் கொத்தனார் செய்த ஏற்பாடு அது. சிமெண்டுச் சாந்து சில்லுகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "கான்கிரீட்டுக்கு ஜல்லியும் மணலும் வேண்டும் என்று மலையை உடைக்கிறோம், ஆற்றைத் தோண்டுகிறோம். குப்பையில் கிடக்கும் கண்ணாடியை உடைத்து அவற்றுக்குப் பதிலாகப் போட்டால் என்ன?"

நல்ல கேள்விதான். கண்ணாடி கடினமானது, நீரை உறிஞ்சாது, மட்கிப் போகாது. ஆற்று மணலில் மிகுதியாக உள்ள சிலிக்காதான் கண்ணாடியிலும் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் இருக்கிறது. ஆயினும் கண்ணாடிச் சில்லுகளை ஜல்லிபோலக் கலந்து செய்த கான்கிரீட் நாளடைவில் தானே விரிசல் விடக்கூடும். அதே கண்ணாடியை மாவாக அரைத்துக் கலந்தாலோ, கான்கிரீட் உறுதி பெறுகிறது! பொருள் ஒன்றே, துகளின் பருமன்தான் வேறு. இது எப்படி?

காரம் செய்யும் வேலை

கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் தாமஸ் ஸ்டாண்டன் என்ற பொறியாளர் இருந்தார். அங்கே சில கான்கிரீட் சாலைகளிலும் பாலங்களிலும் வலை பின்னியதுபோல விரிசல்கள் தோன்றின. பாரம் மிகுந்ததால் வந்த விரிசல்கள் அல்ல அவை. கான்கிரீட் உள்ளிருந்தே பருத்துக்கொண்டிருந்தது. சிமெண்டிலுள்ள காரப் பொருள்களும் சிலவகைக் கற்களிலுள்ள சிலிக்காவும் வினைபுரிவதே காரணம் என்று 1940-இல் அவர் எடுத்துக் காட்டினார். இதற்குக் கார-சிலிக்கா வினை என்று பெயர். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ரிஹாண்டு அணையும் இந்த வினையால் பாதிக்கப்பட்டது.

இறுகிய கான்கிரீட் உலர்ந்த கல்போலத் தோன்றினாலும், அதன் நுண்துளைகளில் நீர் இருக்கிறது. அது வெறும் நீரன்று, அதன் பி.எச். மதிப்பு 13-ஐ ஒட்டியோ, அதற்கு மேலோ இருக்கும். அதாவது கடுமையான காரக் கரைசல்.

ஆற்று மணலிலுள்ள குவார்ட்ஸ் ஒரு படிகம். அதன் அணுக்கள் அணிவகுத்து நிற்கும் போர்வீரர்களைப்போல ஒழுங்காக நிற்கின்றன. காரத்தால் அந்த அணிக்குள் எளிதில் நுழைய முடியாது. கண்ணாடியிலோ அணுக்கள் திருவிழாக் கூட்டம்போல ஒழுங்கின்றி நிற்கின்றன. காரம் உள்ளே புகுந்து சிலிக்காவின் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. இதனால் ஒருவகைக் கூழ் உண்டாகிறது. இந்தக் கூழ் நீரை உறிஞ்சிப் பருக்கும் இயல்புடையது.

கொண்டைக்கடலையை ஒரு சிறிய புட்டியில் நிறைத்து, நீர் ஊற்றி, இறுக மூடிவிட்டால் என்ன ஆகும்? ஊறிப் பருக்கும் கடலைக்கு இடம் போதாது. அது புட்டியை நெருக்கித் தள்ளும். கான்கிரீட்டுக்குள் கூழ் செய்வதும் இதுவே. கான்கிரீட் அமுக்கு விசையை நன்கு தாங்கும்; இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். உள்ளிருந்து பிளக்கும் விசை இழுவிசையல்லவா? ஆகவே விரிசல் விடுகிறது. விரிசல் வழியே மேலும் நீர் புகும். கூழ் மேலும் பருக்கும்.

மதில் சுவரில் சில்லுகள் சிலவே; அவை சுமை தாங்குவதும் இல்லை. அங்கே ஒரு கீறல் விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பாலத்தைத் தாங்கும் தூணில் விழுந்தால்?

அரைத்தால் ஏன் அடங்குகிறது?

ஒரு கற்கண்டுக் கட்டியையும், அதே எடையுள்ள கற்கண்டுத் தூளையும் தனித்தனிக் குவளை நீரில் இட்டுக் கலக்குங்கள். தூள் விரைவில் கரையும். கட்டி நெடுநேரம் கிடக்கும். காரணம் பரப்பளவு.

கணக்கிட்டுப் பாருங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கண்ணாடிக் கனசதுரத்தின் பரப்பு 6 ச.செ.மீ. இதை 0.05 மி.மீ., அதாவது 50 மைக்ரான் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக நறுக்கினால் 80 லட்சம் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 1200 ச.செ.மீ. பரப்பு 200 மடங்கு ஆகிவிட்டது!

பரப்பு பெருகினால் வினையும் விரைவாக நடக்கும். விரைந்தால் கேடும் விரைந்து வரவேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? இங்கேதான் வேடிக்கை. சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. இதனால் கான்கிரீட்டுக்குப் பெரிய வலிமை ஏதும் இல்லை. கண்ணாடி மாவின் துகள்கள் கலவை முழுவதும் பரவி, இந்தச் சுண்ணாம்பின் நடுவிலேயே கிடக்கின்றன. கரையும் சிலிக்கா உடனே சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பொருளாகிறது. சிமெண்டு எந்தப் பசையால் ஜல்லியையும் மணலையும் பிணைக்கிறதோ அதே பசைதான் இது! அது நீரை உறிஞ்சிப் பருப்பதில்லை; நுண்துளைகளை அடைக்கிறது.

பெரிய சில்லின் நிலை வேறு. உடைக்கும்போது சில்லுக்குள்ளும் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. காரம் அவற்றுள் புகுந்து கூழை உண்டாக்குகிறது. போதிய சுண்ணாம்பு அங்கே சேர்வதில்லை. பருமன் குறையக் குறைய இத்தகைய கீறல்களும் குறைகின்றன. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் மேயர் குழுவினர் சாதாரண நிறமற்ற கண்ணாடியைச் சோதித்தபோது, ஏறத்தாழ 1 மி.மீ. பருமனுள்ள துகள்களே மிகுந்த வீக்கத்தைத் தந்தன. அதைவிடப் பொடியாக்கியபோது வீக்கம் குறைந்தது.

பழைய உண்மை, புதிய பயன்

சுண்ணாம்புடன் கூடி இறுகும் இத்தகைய பொடிகளுக்குப் பொசொலானா என்று பெயர். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகிலுள்ள பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலால் வந்த பெயர் இது. ரோமானியர் அதைச் சுண்ணாம்புடன் கலந்து துறைமுகங்கள் கட்டினர். எரிமலைச் சாம்பலும் விரைந்து குளிர்ந்ததால் படிகமாகாத இயற்கைக் கண்ணாடியே! நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களின் சாம்பலிலும் கண்ணாடித் தன்மையுள்ள நுண்ணிய உருண்டைகள் மிகுதி. சிமெண்டு மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? போர்ட்லண்டு பொசொலானா சிமெண்டு என்பதன் சுருக்கம் அது. அதில் பெரும்பாலும் இந்தச் சாம்பல்தான் கலந்திருக்கிறது.

கனடாவில் கியூபெக் மாநிலத்தின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிப் பொடி பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அங்கே பல நிறக் கண்ணாடிகள் கலந்தும் உடைந்தும் சேர்ந்தன. அவற்றை உருக்கி மீண்டும் பாட்டில் செய்வது கடினம். மாண்ட்ரியால் நகரில் கன்னியர் தீவு எனப்படும் பகுதியில், 2021-இல் முடிந்த டார்வின் பாலங்களில் அந்தப் பொடி சேர்க்கப்பட்டது. சிமெண்டில் நூற்றுக்கு 10 பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கண்ணாடிப் பொடியைக் கலந்தார்கள். ஏறத்தாழ 70,000 பாட்டில்கள் அந்தப் பாலங்களுக்குள் அடங்கியிருக்கின்றன.

இதனால் குப்பை குறைவது மட்டுமா? 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். சிமெண்டுச் சூளையில் நடப்பது இதுதான்; எரிபொருளின் புகை வேறு. சிமெண்டைக் குறைத்தால் இந்த வாயுவும் குறையும்.

குறைகளும் உண்டு. கண்ணாடிப் பொடி சேர்ந்த கான்கிரீட் தொடக்க நாள்களில் மெதுவாகவே வலிமை பெறும். அரைப்பதற்கு மின்சாரம் வேண்டும். கண்ணாடியிலேயே சோடா இருப்பதால் அளவறிந்து சேர்க்க வேண்டும். ஆகவே சோதனை இன்றியமையாதது. ஒரு சோதனை முறையில், 285 மி.மீ. நீளமுள்ள சாந்துப் பட்டைகளை 80 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காரக் கரைசலில் 14 நாள்கள் வைக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக நீண்டால் நல்லது. ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் நீண்டால் ஆபத்து. அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகமான நீட்சியே ஒரு பாலத்துக்கு எச்சரிக்கை!

எனவே, வீட்டுக்குத் தளம் போடும்போது "கண்ணாடிச் சில்லையும் கொட்டுங்கள்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிடாதீர்கள். கண்ணாடியை நீங்களே இடித்துப் பார்க்கவும் வேண்டாம். அந்தத் தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. கற்கண்டை வைத்தே சோதனை செய்யுங்கள். ஒரு பொருள் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் அளவும், அது சேரும் இடமும் தீர்மானிக்கின்றன என்பது உங்களுக்கே விளங்கும்.