வேர்ட்பிரஸ் தீம் சட்டகம்

தீம் சட்டகம் என்பது வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் இணையத்தளங்களின் தோற்றத்தை அமைப்பதற்கான அடிப்படை நிரல்தொகுதி ஆகும். 2010இல் வெளியான ஜெனிசிஸ் இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். சட்டகம் தாய்த் தீமாக அமைய, தளத்திற்கே உரிய நிறம், எழுத்துரு, பக்க அமைப்பு ஆகியன சேய்த் தீம் எனப்படும் தனிக் கோப்புறையில் வைக்கப்படுகின்றன.

பிரிப்பின் தேவை

தீமின் கோப்புகளில் நேரடியாகச் செய்யப்படும் மாற்றங்கள், அத்தீம் இற்றைப்படுத்தப்படும்போது அழிந்துவிடும். அதற்கு அஞ்சி இற்றைப்படுத்தாது விட்டால் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாமல் தங்கிவிடும். தாய்த் தீமை இற்றைப்படுத்தினாலும் சேய்த் தீமின் கோப்புகள் மாறுவதில்லை. ஒரே பெயருடைய வார்ப்புருக் கோப்பு இரண்டிலும் இருப்பின், சேய்த் தீமில் உள்ளதே பயன்படுத்தப்படும்.

தெரிவு செய்தல்

நிரலாளர் துணையில்லாத வலைப்பதிவர்களும் சிறு நிறுவனங்களும் சேய்த் தீம் வசதி, தொடர்ச்சியான இற்றைகள், கட்டற்ற உரிமம் ஆகியவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு தீமுக்கு மட்டுமே உரிய குறுங்குறிகளைப் பதிவுகளில் இட்டால், வேறு தீமுக்கு மாறும்போது அவை பொருளற்ற சதுர அடைப்புக்குறிகளாக வாசகருக்குத் தெரியும். எனவே உள்ளடக்கம் தீமைச் சாராதிருத்தல் நன்று.

வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பு (சனவரி 2022) முதல், தொகுதித் தீம்களின் தலைப்பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றை நிரல் எழுதாமலே மாற்றலாம். இம்மாற்றங்கள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் தீமை இற்றைப்படுத்தும்போது அழிவதில்லை.