கணிப்பொறி வைக்கும் கணக்கு

அடிக்கடி வேண்டும் பொருளை அருகில் வைத்தல் உலக வழக்கு. மாமல்லபுரத்துக் கற்சிற்பிகள் நாடோறும் எடுக்கும் உளிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பர். அரிதில் வேண்டுவன பெட்டியுள் கிடக்கும். சென்னையினின்று அவ்வூர்க்குச் செல்லும் பழைய சாலையில், சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இயங்கும் கணிப்பொறிகளும், மாணாக்கராகிய நாம் கையாளும் கணிப்பொறிகளும் இவ்வழக்கையே மேற்கொள்கின்றன. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறியில் உள்ள பிற செயலிகளையெல்லாம் ஆள்வது இயங்குதளம். பலரும் அறிந்த விண்டோஸ் என்னும் இயங்குதளம் இருவகைக் கணக்கு வைக்கின்றது. முதலாவது, விரைவு கருதியது. ஒரு செயலி தொடங்குங்கால் முதற் பத்து விநாடி அளவில் வட்டினின்று எவ்வெப் பகுதிகளைப் படிக்கின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, மறுமுறை அவற்றை முன்னரே திரட்டித் தருவது இதன் தொழில். 2001ஆம் ஆண்டின் எக்ஸ்பி பதிப்பில் இது புகுந்தது. செயலி எத்தனை முறை இயங்கிற்று, இறுதியாக எப்பொழுது இயங்கிற்று என்பனவும் அக்குறிப்பில் அடங்கும். 2012ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் பதிப்பு முதலாக, இறுதி எட்டு முறைகளின் நேரங்கள் காக்கப்படுகின்றன.

இரண்டாவது கணக்கு, பயனர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே எழுதப்படுவது. அவர் திறந்த செயலிகளின் பெயரும், திறந்த எண்ணிக்கையும், இறுதி நேரமும் இதிற் காணலாம். பெயர்கள் மட்டும் மாற்றெழுத்தில் இருக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களில் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதுதலே அம்முறை. மீண்டும் 13 இடம் தள்ளின் பழைய பெயர் வெளிப்பட்டுவிடும். ஆதலின் இது பூட்டன்று, மெல்லிய திரையே. செயலியை நீக்கிய பின்னரும் அதன் சுவடு இக்கணக்குகளில் எஞ்சக்கூடும். குற்றம் ஆராயும் வல்லுநர் இவற்றை நாடுவது இதனாலேயே.

இனி, இக்கணக்கு எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகாது என்பது நோக்கத்தக்கது. சிலைக்குக் கண் திறக்கும் வேலை ஒருமுறையே நிகழ்வது. ஆயினும் சிலைக்கு உயிர்ப்பளிப்பது அதுவே. எண்ணிக்கை பழக்கத்தைக் காட்டுமேயன்றி மதிப்பைக் காட்டாது. திறந்தவர் யாவர் என்பதையும் அது தானே உரையாது. எவர் பெயரில் பொறி திறந்திருந்ததோ அவர் பெயரிலேயே எழுதிவிடும். நூலகத்தில் ஒருவர் தம் பெயரில் நுழைந்து, வெளியேறாது எழுந்து சென்றால், அடுத்து அமர்ந்தவர் செய்தனவும் முன்னவர் கணக்கில் ஏறும். பின்னர் ஐயம் எழுங்கால், செய்யாதவரே விடைகூற நேரிடும்.

ஆகவே, நண்பர்களே, பொதுக் கணிப்பொறியில் தம் தம் பெயரிலேயே நுழைக. எழுமுன் முறைப்படி வெளியேறுக. செயலித் தொடக்கங்களைக் கண்காணித்தல் வேண்டாவெனின், தம் சொந்தப் பொறியின் தனியுரிமை அமைப்பில் அதனை நிறுத்தவும் இடமுண்டு. பிறர் கணக்கைப் படித்துத் தீர்ப்புரைக்கும் நிலையில் இருப்போரோ, அப்பொறியின்முன் அவ்வேளை அமர்ந்திருந்தவர் யாவர் என்பதை முதற்கண் வினவுவாராக.