இறாலும் பனிக்கட்டியும்

நெய்தல் நிலத்தைப் பாடிய பண்டைப் புலவர் இறாலினை ‘இறவு’ என்றும் ‘இறா’ என்றும் வழங்கினர். பரதவர் மகளிர் மணற்பரப்பில் மீன் உணக்கி, புள் ஓப்பிக் காவலிருக்கும் காட்சி சங்கச் செய்யுட்களைப் பயில்வார்க்குப் புதியதன்று. கடல் தந்த பொருளைக் கெடாது காத்தல் அதனைப் பிடித்தலினும் எளிதன்று என்பதனை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர் போலும். இன்று வெயில் செய்த தொழிலைப் பெரும்பாலும் பனிக்கட்டி செய்கின்றது. கடலோடு குளமும் இறாலை நல்குகின்றது. ஆயினும் காத்தலின் அருமை சிறிதும் குறைந்திலது. அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நம் நாட்டுப் பண்ணைக் குளங்களில் இந்நாளில் மிகுதியாக வளர்க்கப்பெறுவது ‘வனாமி’ என்னும் இறால். அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையைத் தாயகமாகவுடைய இவ்வினத்தை வளர்க்க 2009-ஆம் ஆண்டில் இந்தியாவில் இசைவு தரப்பெற்றது. ஏறக்குறைய 100 முதல் 120 நாள் வரை உணவிட்டும், நீரைச் சோதித்தும், காற்றூட்டும் பொறிகளை இயக்கியும், நோய்க்கு அஞ்சியும் பண்ணையாளர் இதனைப் பேணுகின்றனர். அந்நூறு நாள் உழைப்பின் பயன், அறுவடைக்குப் பின் வரும் சில நாழிகையிலே காக்கப்படுதலும் உண்டு, இழக்கப்படுதலும் உண்டு.

இஃது எவ்வாறெனின், கூறுதும். இறால் இறந்த அளவிலே அதன் தலைப்பகுதியிலுள்ள செரிமான நொதிகள் தன் தசையையே கரைக்கத் தொடங்குகின்றன. உடலிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் வெப்பம் மிகுந்தோறும் விரைந்து பெருகுகின்றன. மற்றொரு வகை நொதி, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையால் ஓட்டின்கீழ்க் கரும்புள்ளிகளைத் தோற்றுவிக்கின்றது. இக்கரும்புள்ளி உண்பார்க்குத் தீங்கு செய்வதன்று. எனினும் அது கண்ட வணிகர் விலையைக் குறைப்பர்.

சென்ற கோடையில், நாகப்பட்டினக் கடற்கரையை அடுத்த பண்ணையொன்றில் அறுவடையைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வெயில் ஏறுமுன் வைகறையிலே வலை இழுத்தனர். குடல் வெறுமையாதற்பொருட்டு முன்னரே உணவை நிறுத்தியிருந்தனர். பிடித்த இறாலைக் கரையில் குவித்து வையாது, பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் உடனே இட்டனர். பின்னர் ஓர் அடுக்குப் பனிக்கட்டியும் ஓர் அடுக்கு இறாலுமாகப் பெட்டிகளில் நிரப்பினர். இறாலின் எடைக்கு ஒத்த எடையுள்ள பனிக்கட்டி வேண்டும் என்பது எம்மனோர் நாட்டு வெப்பத்திற்கு ஏற்ற விதி. பெட்டி ஆழமாயின் அடியிலுள்ளவை நசுங்கும். உருகிய நீர் வடியாது தேங்கின் நாற்றம் பற்றும். பனிக்கட்டியே தூயதன்றாயின் காக்கும் பொருளே கெடுக்கும் பொருளாகும்.

கரும்புள்ளியைத் தடுத்தற்குச் சோடியம் மெட்டாபைசல்பைட்டு என்னும் மருந்து நீரில் தோய்ப்பதுண்டு. அளவின் மிக்கால் இம்மருந்து ஈளைநோயுடையார்க்குத் துன்பம் விளைக்கும். ஆதலின், பச்சை இறாலின் உண்ணும் பகுதியில் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கந்தக-டை-ஆக்சைடு எஞ்சலாகாது என உலக உணவு நெறி வரையறுக்கின்றது.

இனி, ஆலைக்குச் சென்ற இறாலின் நிலை யாது? ஆங்கு மகளிர் விரைந்து தலை நீக்கி, ஓடு உரித்து, குடல் களைந்து, தரம் பிரிக்கின்றனர். பிறகு சுழியத்துக்குக் கீழ் 40 பாகை அளவிலான கடுங்குளிரில் உறைவிக்கின்றனர். விரைந்து உறைந்தால் தசையினுள் தோன்றும் பனிப்படிகங்கள் நுண்ணியனவாகும். மெல்ல உறைந்தால் அவை பருத்துத் தசையைக் கிழிக்கும். உருக்குங்கால் சாறு வழிந்தோட, இறால் சுவையும் மென்மையும் இழந்து சக்கையாகும். உறைந்ததன்பின் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையேனும் மாறாதிருத்தல் வேண்டும். குளிர் ஏறியும் இறங்கியும் நிற்பின் நுண்படிகங்களும் பெரும்படிகங்களாய் மாறிவிடும்.

உறைந்த இறாலின்மேல் மெல்லிய நீர்ப்போர்வை ஒன்றைப் பூசுவர். இறால் உலராமலும் அதன் கொழுப்புக் காற்றுப்பட்டுக் காறாமலும் அது காக்கும். ஆனால் அப்போர்வையைப் பருக்கச்செய்து எடையில் சேர்ப்பவன், நீரை இறால் விலைக்கு விற்பவனாவான். காத்தற்கென்று அமைந்த கருவியே வஞ்சித்தற்கும் கருவியாதலை ஈண்டுக் காண்கின்றோம்.

அற்றேல், குளிர் எல்லாக் குற்றங்களையும் தீர்க்குமோ எனின், தீர்க்காது. அது நுண்ணுயிரின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி அவையனைத்தையும் அழிப்பதன்று. குளத்தில் இட்ட தடைசெய்யப்பெற்ற மருந்தின் எச்சத்தையும் அது நீக்காது. கெடத் தொடங்கிய இறாலை நல்லிறாலாக்கும் ஆற்றல் எப்பொறிக்கும் இல்லை. பொறிகள் செய்வது ஒன்றே. முன்னர் இருந்த தரத்தைக் காத்தல்.

இவ்வுண்மை உண்பார்க்கும் பொருந்தும். உறைந்த இறாலை அடுக்களை வெப்பத்தில் நெடுநேரம் கிடத்தாது குளிர்பேழையினுள் வைத்தே உருக்குக. உருகியதை மீண்டும் உறைவியற்க.

உண்கலத்தில் வந்த இறாலை நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லில் கூறிவிடுகின்றோம். அச்சொல்லின் பின்னே வைகறையில் வலை இழுத்தாரும், குளிர்நீரில் விரல் விறைக்க ஓடு உரித்த மகளிரும் நிற்கின்றனர். அவருள் ஒருவர் சோர்ந்தாலும் பின்வருவோர் அதனை ஈடுசெய்ய இயலாது. ஆதலின், முதற்கண் செய்வதைச் செவ்வனே செய்தலே இத்தொழிலின் முதல் விதியும் முடிந்த விதியுமாம்.