சாய்ந்த கோபுரமும் ஒரு போத்தல் அரிசியும்



ஆயர் தாவாருக்குப் பேசப் போயிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "மாமா, கோலாலம்பூர்ல கட்டடமெல்லாம் மேகத்தைத் தொடுது. நம்ம ஊர்ல மட்டும் ஏன் மாடிக் கடையோட நின்னுடுது?"

பலே! இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு மாம்பழம் கொடுக்கலாம்.

பாதி விடை சுலபம். ஆயர் தாவாரில் இடம் தாராளம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். கோலாலம்பூர் நடுவிலோ, கைக்குட்டை அகல நிலத்துக்கும் விலை தலைசுற்றும். அகலமாகப் பரவ முடியாதவர்கள் மேலே அடுக்குகிறார்கள். டிபன் கேரியரில் சோறு, அதன்மேல் குழம்பு, அதன்மேல் பொரியல் வைக்கிறோமே, அதுபோலத்தான்.

மீதிப் பாதிதான் ருசியானது. அடுக்கினால் விழாதா?

அதற்கு ஆயர் தாவாரின் பக்கத்து ஊருக்கே போவோம். தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரம் பார்த்திருக்கிறீர்களா? 1885இல் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி. உள்ளே போய் எண்ணினால் மூன்றே மூன்று! மேலே இருக்கும் கடிகாரம் பள்ளி மணியைப் போல ஊருக்கே நேரம் சொல்லும். அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டியும் அதில்தான் இருந்தது. தண்ணீரோ கனம். பேராக் ஆற்றங்கரை மண்ணோ மெத்தென்று இருக்கும். கோபுரம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அதே 1885இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று முடிந்தது. உலகின் முதல் வானளாவி என்று பலர் சொல்வது அதைத்தான். உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 42 மீட்டர். கிட்டத்தட்ட நம் பத்துமலை முருகன் சிலை அளவு! சிரிக்காதீர்கள். உயரத்தைவிடப் பெரிய வித்தை அதன் உள்ளே இருந்தது.

பட்டம் கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? மூங்கில் குச்சிதான் பலம். காகிதம் வெறும் போர்வை. சிகாகோ கட்டடத்துக்கு முன்பு செங்கல் சுவரே எல்லாப் பாரத்தையும் சுமந்தது. மாடி ஏற ஏற, அடியில் சுவர் தடித்துக்கொண்டே போகும். சிகாகோக்காரர்கள் பாரத்தின் பெரும்பகுதியை இரும்பு எலும்புக்கூட்டின்மேல் ஏற்றினார்கள். பின்னால் வந்த வானளாவிகளில் சுவர் வெறும் பட்டக் காகிதம் ஆகிவிட்டது.

புரிந்ததா? எலும்பு சுமக்கிறது, தோல் மூடுகிறது. சரி, அந்த எலும்பு எதன்மேல் நிற்கிறது?

இப்போது கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்துக்கு வருவோம். 88 மாடி, 452 மீட்டர். தெலுக் இந்தான் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினேழு வைத்தாலும் உச்சி எட்டாது. 1998இல் உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். அதற்குப் பிறகு துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டருக்குப் போய்விட்டது. நம் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டரில் உலகின் இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது பொறியாளர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பக்கம் அடியில் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் வேறு பாறை. ஈப்போவுக்குப் போகும்போது வெள்ளை வெள்ளையாய்க் குன்றுகள் தெரியுமே, அவையும் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையாக்கும். ஈப்போவில் குகை கண்ணுக்குத் தெரிகிறது, கோயிலே கட்டிவிடலாம். பூமிக்கடியில் ஒளிந்திருந்தால்?

ஒரு காலைச் சிமெண்டுத் தரையிலும் மறுகாலைச் சேற்றிலும் வைத்து நின்று பாருங்கள். என்ன ஆகும்? தெலுக் இந்தான்தான்!

அதனால் கட்டடத்தையே 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். காகிதத்தில்தான், பயப்படாதீர்கள். பிறகு நீளமான கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கினார்கள். சில தூண்கள் 100 மீட்டருக்கும் மேல் ஆழம் போகும். நான்கு தெலுக் இந்தான் கோபுரங்கள் தலைகீழாகப் புதைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்! அவற்றின்மேல் தடித்த கான்கிரீட் பலகை. ஒரு கோபுரத்தின் பலகைக்கு 54 மணி நேரம் நிறுத்தாமல் கான்கிரீட் ஊற்றினார்கள். யாரும் புகைப்படம் எடுக்காத பகுதி இது. எனக்கோ உச்சியைவிட இதுதான் பிடிக்கும்.

அதற்குப் பிறகு துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டருக்குப் போய்விட்டது. நம் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டரில் உலகின் இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

இரட்டைக் கோபுரத்தின் தூண்களில் ஒரு வேடிக்கை உண்டு. அவை கெட்டியான அடிப்பாறையில் போய் முட்டி நிற்கவில்லை. சுற்றியுள்ள மண் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்பவில்லையா?

அம்மாவிடம் கேட்டு, வாய் குறுகிய பிளாஸ்டிக் போத்தல் நிறைய அரிசி எடுங்கள். நன்றாகத் தட்டித் தட்டி நிரப்புங்கள். சாப்ஸ்டிக் குச்சியை நடுவில் ஆழமாகக் குத்துங்கள். எடுத்து எடுத்துப் பத்துப் பதினைந்து முறை குத்துங்கள். கடைசியில் குச்சியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். போத்தலும் கூடவே வரும்! வரவில்லையென்றால் இன்னும் தட்டி நிரப்ப வேண்டும்.

முடிந்ததும் அரிசியைப் பானையில் திரும்பக் கொட்டிவிடுங்கள். அம்மா என்னைத் திட்டாமல் இருக்க வேண்டுமே!