உப்பனாறும் தில்லை வனமும்

முதுநகரையடுத்துக் கடலில் கலக்கும் உப்பனாற்றின் கரையில், 1980-களில் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் எழுந்தன. கைத்தொழில் விருத்தி தேசத்திற்கு அவசியமே; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆலைக் கழிவு ஜலத்தால் மீன்வளம் குன்றிற்றென்று கரையோர ஜனங்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

கழி என்பது வெறும் உப்பு நீரன்று. கடல் மீன்களும் இறால்களும் பலவும் குஞ்சுப் பருவத்தை அங்கேதான் கழிக்கின்றன. கழியில் விஷம் கலந்தால், கடலில் வலை வீசுபவன் வீட்டிலும் அடுப்பு எரியாது.

தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தைப் பாருங்கள். சிதம்பரத்துக்குத் தன் பெயரையளித்த தில்லை மரம் இன்றும் அங்கே வளர்கிறது. முன்னாளில் காட்டை வெட்டியதால் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையாரும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கிராமத்தாரும் கூடி வாய்க்கால் வெட்டிக் கடல்நீரைப் பாய்ச்சினர். காடு மீண்டும் தழைத்தது. 2004 ஆழிப்பேரலையின்போது, அதன் பின்னிருந்த கிராமங்களுக்கு அதுவே அரணாயிற்று. 2022-இல் பிச்சாவரம் ராம்ஸார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வெட்டுண்ட காட்டை மீட்ட நம்மவர்க்கு, நஞ்சுண்ட ஆற்றை மீட்பது அசாத்தியமா? நீர்நிலைகளைக் கெடுப்பதைத் தடுக்க 1974-லேயே சட்டம் பிறந்துவிட்டது. அதை ஏட்டிலிருந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவரும்படி சர்க்காரை வற்புறுத்துவது நம் எல்லோருடைய கடமையாகும்.